சப்பாத்துத் தொழிற்சாலையில் ஓர் இளவரசர்

2019 ஜனவரியில், அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த சார்ள்ஸ், இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன் நகரில் உள்ள ட்ரிக்கர்ஸ் சப்பாத்துத் தொழிற்சாலைக்கு விஜயம் செய்தார். 1829 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அந்த ஆண்டில் அதற்கு 190 ஆண்டுகள் நிறைந்தன. 1989 இல் இளவரசரின் 'அரச ஆணை' பெற்ற நிறுவனமும் கூட. படங்கள் வந்தன, செய்திகள் வந்தன. அரச குடும்பத்தவர் ஒருவர் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் எப்படிப்பட்ட படம் வரும் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்தச் செய்திகளைப் பற்றி அண்மையில் நண்பர்கள் கூடிய ஓரிடத்தில் சற்றுக் கடுமையாகப் பேசினேன். அது எப்படியோ இலண்டனில் வசிக்கும் என் பழைய வாசகர் ஒருவரின் காதுக்கு எட்டிவிட்டது. நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது: "அழிந்துகொண்டிருக்கும் ஒரு கைத்தொழிலை அரச குடும்பத்தவர் நேரில் போய்ப் பார்ப்பதில் என்ன தவறு? அவர் போனால் அந்த நிறுவனத்துக்கு நாலு கட்டளைகள் கூடுதலாகக் கிடைக்கும். தொழிலாளிக்கும் பெருமை. பத்திரிகைக்காரர்களாகிய உங்களுக்கு எதைக் கண்டாலும் எரிச்சல். மன்னர் இனி எங்கேதான் போகவேண்டும் என்கிறீர்கள்?"

கேள்வி நியாயமானது. பதில் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நோர்தாம்ப்டன் சப்பாத்து உண்மையிலேயே நல்ல சப்பாத்து. கால் வடிவ மரக்கட்டையின் மேல் தோலை இழுத்துப் பொருத்தி, அதன் விளிம்பைச் சுற்றித் தோற்பட்டி ஒன்றைத் தைத்து, அந்தப் பட்டியோடு அடித்தோலைத் தைப்பார்கள். அடித்தோல் தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புதிய அடித்தோல் போடலாம். மேற்பகுதிக்கு ஒன்றும் ஆகாது. பசையால் ஒட்டிய சப்பாத்தில் இது நடக்காது, தேய்ந்தால் குப்பைதான். ஒரு சோடி முடிவதற்கு இருநூறுக்கு மேற்பட்ட செய்கைகள், பல வாரங்கள். சார்ள்ஸ் ஒட்டுப்போட்ட பழைய சப்பாத்துகளோடு வெளியே வருவது பலமுறை படமாகியிருக்கிறது. எதையும் எறிந்துவிடாமல் திருத்திப் பயன்படுத்தவேண்டும் என்று அவர் பல்லாண்டுகளாகப் பேசி வருகிறார். அந்தப் பேச்சில் எனக்கு மறுப்பே இல்லை. யாழ்ப்பாணத்து நாற்சந்திகளில் மரநிழலில் இருந்து செருப்புத் தைத்துத் தந்தவர்கள் அதே தத்துவத்தை எவரும் படம் பிடிக்காமலே கடைப்பிடித்து வந்தார்கள். (அவர்களை எங்கள் ஊர் எந்தத் திண்ணையில் ஏற்றியது, எந்தக் கிணற்றில் அள்ளவிட்டது என்பது வேறு கதை. அந்தக் கதையை நாங்கள் எழுதாமல் பிரித்தானிய மன்னருக்குப் புத்தி சொல்லப் புறப்படுவதும் ஒருவகைப் பகிடிதான்.)

அரச ஆணை என்பதும் பிச்சையல்ல. அரண்மனைக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பொருள் வழங்கியிருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்கலாம். அரண்மனை காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. கிடைத்தபின் அரச இலச்சினையைப் பெட்டியில் பொறித்துக்கொள்ளலாம். யப்பானிலும் அமெரிக்காவிலும் அந்த இலச்சினைக்கு மதிப்பு இருக்கிறது. ஆகவே 'நாலு கட்டளைகள் கூடும்' என்ற வாதம் பொய்யல்ல. ஒரு காலத்தில் ஊர் முழுவதும் சப்பாத்துத் தொழிற்சாலைகளாக இருந்த நோர்தாம்ப்டனில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே ஒரு வேலை தப்பினாலும் அது ஒரு குடும்பம்.

சரி, இனி என் பக்கம்.

என் கோபம் இளவரசர் போனதில் இல்லை. போனதைப் பற்றி எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் எழுதிய முறையில்தான். அவர் எந்தத் தோலைத் தொட்டார், என்ன பகிடி சொன்னார், காலில் என்ன போட்டிருந்தார் என்பதெல்லாம் செய்தி. ஒரு சோடி ஐந்நூறு பவுண் அளவில் விற்கிறதே, அதைத் தைப்பவருக்கு வாரத்துக்கு என்ன கிடைக்கிறது, அந்தச் சம்பளத்தில் அவர் தாம் தைக்கும் சப்பாத்தை வாங்க எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்பது செய்தியல்ல. அந்த நிறுவனம் குறைவாகக் கொடுக்கிறது என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே கொடுக்கலாம். கேள்வி கேட்கப்படவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கேட்டிருந்தால் அந்த நிறுவனத்துக்கே அது பெருமையாக முடிந்திருக்கவும் கூடும்.

அரச குடும்பத்தினர் உலகம் முழுவதும் புதுப் பெயின்ற் மணக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள் என ஆங்கிலேயரே பகிடியாகச் சொல்வதுண்டு. போகுமிடமெல்லாம் முதல்நாள் பெயின்ற் அடித்திருப்பார்கள் அல்லவா? எங்களிடம் அரச குடும்பம் இல்லை, அமைச்சர்கள் இருக்கிறார்கள். பெயின்ற் ஒன்றுதான்.

1990 களின் நடுப்பகுதியில், கொழும்புக்கு வெளியே ஏற்றுமதிக்குச் சப்பாத்துத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றுக்கு அமைச்சர் ஒருவரும் வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்றும் விஜயம் செய்தார்கள். செய்தி சேகரிக்க நானும் அனுப்பப்பட்டிருந்தேன். பசை பூசும் பகுதியில் இளம்பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோர் முகத்திலும் வெள்ளை முகமூடி. மடிப்புக் கலையாத புத்தம்புது முகமூடி. தலைக்கு மேல் இரண்டு பெரிய மின்விசிறிகள் சுழன்றன. தூதுக்குழு பாராட்டியது, அமைச்சர் தலையாட்டினார். அவர்கள் தேநீருக்குப் போன இடைவெளியில் ஒரு பெண்ணிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன். முகமூடி அன்று காலைதான் கொடுத்தார்களாம். மின்விசிறிகள் அலுவலகப் பக்கத்தில் இருந்து கழற்றிக்கொண்டுவரப்பட்டவையாம். பசை நெடியில் பின்னேரமானால் தலை சுற்றும் என்றாள். மாதச் சம்பளத்தையும் சொன்னாள். சொல்லும்போது மேற்பார்வையாளர் நிற்கும் திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பத்திரிகையில் அமைச்சரின் உரை இருந்தது, தூதுக்குழுவின் பாராட்டு இருந்தது, மூன்று பத்தி அகலத்தில் படம் இருந்தது. முகமூடி இல்லை, மின்விசிறி இல்லை, சம்பளம் இல்லை. கேட்டபோது, "விருந்தாளியாகப் போன இடத்தில் வீட்டுக்காரனைக் குறை சொல்லக்கூடாது" என்றார் பொறுப்பில் இருந்தவர். வாசகனின் கண்ணாகப் போனவன் எப்போது விருந்தாளியானான் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. அவர் ஓய்வுபெற்றும் பல ஆண்டுகளாகிவிட்டன.

விஜயங்களுக்கு எப்போதும் ஒரு பாதை வரையப்படும். பாதையில் எது வருகிறது என்பதைவிட எது வரவில்லை என்பதைப் பார்க்கப் பழகியவன் நான். எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1981 ஒக்டோபரில் எலிசபெத் மகாராணியார் இலங்கைக்கு வந்தார். சர்வசன வாக்குரிமை கிடைத்து ஐம்பது ஆண்டு நிறைவுக் கொண்டாட்டம். கொழும்பு, அநுராதபுரம், கண்டி, விக்டோரியா அணைக்கட்டு என்று பயணப்பாதை போயிற்று. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான், மே 31 இரவு தொடங்கி, யாழ் பொது நூலகம் எரிந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கென வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் எரிந்தது. வாக்குரிமையின் பொன்விழாவுக்கு வந்தவரின் பாதையில் அந்தச் சாம்பல் வரவில்லை. மகாராணியார் மீது எனக்கு வருத்தமில்லை. பாதையை அவர் வரையவில்லை.

2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்குத் தாயாரின் பிரதிநிதியாகச் சார்ள்ஸ் வந்தார். மலைநாட்டில் தேயிலைத் தோட்டமும் பார்த்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அடிப்படை 450 ரூபா. எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்ந்தால் 620 ரூபா. நான் வாசித்த விஜயச் செய்திகளில் தேயிலையின் வாசம் இருந்தது, மலையின் அழகு இருந்தது, 620 இருக்கவில்லை. அதே வாரத்தில், அதே மாநாட்டுக்கு வந்த பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணத்துக்குப் போனார். காணாமற்போனவர்களின் தாய்மார் படங்களை ஏந்திக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்த அரசியல் கணக்கு எனக்கும் தெரியும்; கமரூனைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வரையப்பட்ட பாதையை மக்கள் குறுக்கே வந்து மறித்தால், ஒரு விஜயத்தில் இருந்தும் செய்தி பிறக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நோர்தாம்ப்டனுக்குத் திரும்புவோம். அந்த ஊருக்கும் முடிக்கும் உள்ள உறவு அன்பரின் கடிதத்தில் தெரிவதுபோல அத்தனை இனிமையானதல்ல. 1642 இல் அந்த ஊர்ச் சப்பாத்துக்காரர்கள் இராணுவத்துக்கு ஆயிரக்கணக்கான சோடிகள் தைத்துக் கொடுக்க ஒப்பந்தம் பெற்றார்கள். உள்நாட்டுப் போரில் ஊர் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது. குரொம்வெல்லின் படை நோர்தாம்ப்டன் சப்பாத்தில் நடந்தது. முடியாட்சி திரும்பி வந்ததும் இரண்டாம் சார்ள்ஸ் 1662 இல் அந்த ஊரின் மதிலையும் கோட்டையையும் இடிப்பித்தான். கோட்டை நின்ற இடத்தில் இன்று புகையிரத நிலையம் இருக்கிறது. மன்னனின் எதிரிக்குச் சப்பாத்துத் தைத்த ஊரில், மூன்றரை நூற்றாண்டு கழித்து, இன்று மூன்றாம் சார்ள்ஸ் ஆகியிருப்பவர் சப்பாத்துப் பார்க்க வந்தார் என்றால் அது எப்பேர்ப்பட்ட செய்தி! ஒரு செய்தியாளராவது அதைத் தலைப்பில் போட்டிருக்கக்கூடாதா?

ஆனால் என்னை எப்போதும் நெகிழ்விப்பது அதைவிடச் சிறிய கதை. நோர்தாம்ப்டன்ஷயரில் ரோண்ட்ஸ் என்று ஒரு சிற்றூர். இராணுவச் சப்பாத்து தைப்பதே அங்கே பிழைப்பு. போர் அலுவலகம் கொடுக்கும் விலையும் ஒப்பந்தகாரர்களின் போட்டியும் கூலியை அமுக்கிக்கொண்டே போயின. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1905 மே மாதத்தில், ஜேம்ஸ் கிறிபிள் என்ற தொழிற்சங்கத்துக்காரரின் தலைமையில் 115 பேர் இலண்டனுக்கு நடந்து புறப்பட்டார்கள். தாங்கள் தைத்த சப்பாத்தில் சிப்பாய்கள் நடப்பதுபோல அணிவகுத்து நடந்தார்கள். போர் அமைச்சர் ஆர்னல்ட் ஃபொர்ஸ்ரர் அவர்களைச் சந்திக்க மறுத்துவிட்டார். கிறிபிள் நாடாளுமன்றத்தின் பார்வையாளர் கூடத்தில் ஏறி நின்று சத்தமிட்டார். தூக்கி வெளியே போட்டார்கள். எனினும் ஊர் திரும்பியபின் விசாரணை வந்தது, உடன்பாடு வந்தது, கூலிக்கு ஓர் ஒழுங்கு வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சப்பாத்துத் தைப்பவன் அதிகாரத்தைத் தேடி நடந்து போனால் கதவு சாத்தப்படுகிறது. அதிகாரம் சப்பாத்துத் தைப்பவனைத் தேடி வந்தால் கம்பளம் விரிக்கப்படுகிறது. முதலாவதில் அவன் வாய் திறந்தான், இரண்டாவதில் அவன் கைவேலை மட்டும் தெரிகிறது. 'தொழிலாளிக்குப் பெருமை' என்று அன்பர் எழுதியதில் எனக்கு உறுத்துவது இதுதான். பெருமை கிடைப்பது அவன் விரல்களுக்கு. வயிறும் வாடகையும் பிள்ளையின் படிப்பும் உள்ள முழு மனிதன் படச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான்.

இராமாயணத்தைப் படித்த எங்களுக்கு இது புதிதல்ல. பதினான்கு ஆண்டுகள் ஓர் அரசை இரண்டு பாதுகைகள் ஆண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவற்றைச் சுமந்த பரதனைப் போற்றினோம், சூட்டிய சிம்மாசனத்தைப் போற்றினோம். செய்தவன் யார் என்று எந்தக் கதாப்பிரசங்கியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி எங்கள் வீட்டுப் பக்கம். அன்பர் அறிந்தாரோ இல்லையோ, பிரித்தானியக் கடைகளில் விற்கும் தோற் சப்பாத்துகளில் கணிசமானவை தமிழர் தைப்பவை. வேலூர்ப் பக்கத்து ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களே அவற்றின் தாய்வீடு. தோல் பதனிடுவது அங்கே, வெட்டுவது அங்கே, தைப்பதும் அங்கே. தொழிற்சாலைக்குள் தைப்பவர்களைத் தவிர, மேற்பகுதித் தோலை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையால் தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தொழிலாளர் பட்டியலில் பெயர் இல்லை, ஓய்வூதியம் இல்லை, ஊசி குத்திய விரலுக்கு மருந்தும் சொந்தச் செலவு. 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று, அப்படித் தைக்கும் பெண்ணுக்கு ஒரு சோடிக்குப் பிரித்தானியப் பணத்தில் பத்துப் பென்ஸுக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்றது. அந்தச் சோடி அங்கே கடையில் பல பத்துப் பவுணுக்கு விலை போகும்.

தோல் பதனிட்ட கழிவு பாலாற்றைக் கெடுத்தது. 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவு கட்டவேண்டும் என்று வேலூர்க் குடிமக்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியச் சூழல் சட்டத்தின் மூலத் தீர்ப்புகளில் ஒன்றாக மாணவர் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 இல், அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்கவேண்டியதாயிற்று. அந்தத் தேதியில் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பத்து ஆண்டுகளுக்கு முந்திய மறுநாள், 2015 ஜனவரி 31 விடியற்காலையில், இராணிப்பேட்டையில் தோற்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்தது. பக்கத்துத் தோற்சாலையில் படுத்திருந்த தொழிலாளர் பத்துப் பேர் தூக்கத்திலேயே அந்தக் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். தோற்சாலையிலேயே வேலை, தோற்சாலையிலேயே படுக்கை.

'மன்னருக்கும் ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்கலாம். 2025 ஜூலை 24 இல் இந்தியாவும் பிரித்தானியாவும் வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியக் காலணிகளுக்கு இருந்த 16 சதவீதம் வரையான இறக்குமதி வரியை நீக்க அதில் இணக்கம் காணப்பட்டது. அதே நாளில் இந்தியப் பிரதமரை மன்னர் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் வரவேற்றார். ஆம்பூருக்குக் கட்டளைகள் கூடினால் எனக்கும் மகிழ்ச்சிதான். அங்கே அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் குறையும் அந்த வரியில் எத்தனை பென்ஸ் வீட்டில் இருந்து தைக்கும் பெண்ணின் கைக்குப் போகும் என்று யார் கேட்பது? அரண்மனைத் தோட்டத்தில் எடுத்த படத்தின் கீழே அதற்கு இடம் ஒதுக்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

அன்பரே, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். திருத்திப் பயன்படுத்து, எறியாதே, பூமியைக் கெடுக்காதே என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவரும் ஒரு மனிதர் இன்று மன்னராக இருக்கிறார். அவர் சொல்வதை அவர் நம்புகிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நோர்தாம்ப்டனில் அவர் பார்த்தது சப்பாத்து உலகின் மிகச் சுத்தமான மூலை. ஐந்நூறு பவுண் கொடுத்து வாங்கி, தேய்ந்தால் திரும்ப அனுப்பி அடித்தோல் மாற்றிக்கொள்ளக்கூடியவர்களின் மூலை. அவருடைய பிரசைகளில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சப்பாத்துப் போடுவதில்லை. அவர்கள் போடும் சப்பாத்து எங்கே தைக்கப்படுகிறதோ அங்கே போகட்டும். முதல்நாள் சொல்லவேண்டாம், பெயின்ற் அடிக்க நேரம் கொடுக்கவேண்டாம். ஆம்பூரில் ஏதாவது ஒரு தெருவில், வாசற்படியில் தோலும் ஊசியுமாக இருக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு சோடிக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கட்டும். கூடப் போகும் செய்தியாளர் அவள் சொல்லும் தொகையை முதல் வரியில் எழுதட்டும். அங்கிருந்து இராணிப்பேட்டை வெகு தூரமில்லை. வாகனத்தில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.